இரண்டு பேர் சேர்ந்து வாசித்த கடிதம்

புது நாட்டுக்கு வந்த முதல் வருஷம், நட்பு என்றால் என்னைப் போன்றவர்களோடுதான் வரும் என்று நினைத்திருந்தேன். என் மொழி பேச வேண்டும், என் வயதாக இருக்க வேண்டும், என்னைப் போலவே வேலை தேடுகிறவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்படி நான்கைந்து பேரைத் தேடிப் பிடித்து நம்பரும் வாங்கி வைத்தேன். எல்லோரும் நல்லவர்கள், ஆனால் ஒருவருக்கு வார இறுதியில்தான் வேலை, இன்னொருவர் நகரத்தின் மறுகோடி, மற்றொருவருக்குக் கைக்குழந்தை. "ஒரு நாள் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடின. யார் மேலும் குறை இல்லை. சேர்ந்து உட்கார ஒரு இடமும் ஒரு நேரமும் எங்களுக்கு அமையவில்லை, அவ்வளவுதான்.

அது அமைந்தது நான் நினைத்தே பார்க்காத ஒருவரோடு. நான் குடியிருந்த கட்டடத்தில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் கிடையாது, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று மெஷின், இரண்டு ட்ரையர். கூட்டம் சேரும் முன்னால் முடித்துவிடலாம் என்று ஞாயிறு காலை ஏழு மணிக்கே இறங்கிவிடுவேன். அதே நேரத்துக்கு ஒரு பெரியவரும் வருவார். எழுபதைத் தாண்டியவர், ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், பிறந்த நாட்டை விட்டு ஒரு முறைகூட வெளியே போகாதவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஆரம்பத்தில் ஒரு காலை வணக்கம், அப்புறம் ஆளுக்கொரு மூலையில் ஒரு நாற்காலி, மெஷின் சுற்றும் சத்தம்.

ஒரு ஞாயிறு அவர் பெரிய பெட்ஷீட் ஒன்றைத் தனியாக மடிக்கப் பார்த்தார். இரண்டு கையையும் முழுதாக விரித்தும் எட்டவில்லை, ஒரு முனை தரையில் புரண்டது, சரி என்று அதைச் சுருட்டிக் கூடைக்குள் திணிக்கப் போனார். நான் எழுந்து போய் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் நாலு எட்டு பின்னால் போனார். இழுத்து ஒரு உதறு உதறி, நடுவில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து என் கையில் இருந்த முனைகளை அவர் வாங்கிக்கொள்ள, தொங்கிய மடிப்பை நான் குனிந்து எடுத்தேன். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி மடிப்பைத் தடவிக்கொண்டே, "அந்த முனையை என் மனைவி பிடிப்பாள்" என்றார். அந்த நாட்டு மொழியில் ஒருவர் என்னிடம் சொன்னது, திரும்பக் கேட்காமல் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

இந்த மாதிரி இடங்கள் என்ன செய்கின்றன என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் 1950-லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பு ஒன்றில் யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்தபோது, அடுத்த வீடு, பக்கத்துக் கதவு என்பதே பெரிய காரணமாக இருந்திருக்கிறது. மாடிப்படி ஓரமாக இருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியில் அதிக நண்பர்கள், ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த மாடிப்படியின் வேலையைப் பழைய ட்ரையர் ஒன்று செய்தது. ஒரு தடவை ஓட்டினால் துணி காயாது, இரண்டாம் தடவையும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் கடிதங்கள் வந்தன. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, சின்ன எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆனால் பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. ஒரு நாள் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தேன், உச்சரிப்பு தவறினால் அவர் திருத்தினார், வாக்கியம் முடிந்ததும் அது என்ன சொல்கிறது என்று எனக்கு எளிமையாக விளக்கினார். அடுத்த வாரம் என் குடியுரிமைத் துறைக் கடிதத்தையும் கொண்டு போனேன். கடிதம் ஒன்றுதான், அதை வாசித்து முடிக்க நாங்கள் இரண்டு பேரும் தேவைப்பட்டோம். எனக்கு உதவி செய்தவர்கள் அதற்கு முன்னாலும் இருந்தார்கள், நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வாங்கிக்கொண்டே இருக்கிறவருக்கு ஒரு கூச்சம் இருக்கும், வந்து குடியேறிய எல்லோருக்கும் அது தெரியும். அவரிடம் எனக்கு அந்தக் கூச்சம் வரவே இல்லை.

புது ஊருக்குக் குடிமாறி வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்து ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. சும்மா தெரிந்தவர் ஓரளவு நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல் என்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கு வாரம் ஒன்றரை மணி நேரம். 50 மணி நேரம் சேர 33 வாரம் ஆகும். பெட்ஷீட் மடித்தது ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ, அதற்கு முன்னால் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த ஞாயிறுகளையும் சேர்த்தால் கணக்கு ஏறத்தாழ ஒத்து வருகிறது. பேசாமல் இருந்த அந்த நேரம் வீண் என்று இனி நான் சொல்ல மாட்டேன். புதிதாக வருகிறவர்கள் "யாரோடும் ஒட்டவில்லை" என்று என்னிடம் வருத்தப்படும்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: வாராவாரம் ஒரே நேரத்துக்குப் போகிற இடம் ஏதாவது உங்களுக்கு இருக்கிறதா?

என் முதல் வேலை பற்றிய செய்தியும் அவர் வழியாகவே வந்தது. அவரோடு வேலை பார்த்தவருடைய மகள் இருக்கும் அலுவலகத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் இதை விளக்கியிருக்கிறார். நம்மோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதுச் செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்து வரும். நானும் என் நான்கைந்து பேரும் ஒரே விளம்பரங்களைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் பேசிவிட முடியும் என்று இல்லை. காலையில் கண் விழித்ததும் விசா தேதி ஞாபகம் வரும் பயத்தை அவரால் உணர முடியவில்லை. பேச்சுக்கு ஆள் இல்லாமல் ஒரு முழு வாரம் போவது எப்படி என்பது எனக்கும் தெரியாது. சொல்வார், கேட்டுக்கொள்வேன்.

போன வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்தது. இப்போது செய்தித்தாளையே கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார். எனக்கும் பெரும்பாலான வார்த்தைகள் பிடிபட்டுவிட்டன. சிகிச்சைக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறு, துணியை மெஷினில் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். இன்னும் பிரிக்கவே இல்லை. பிரித்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். மின்கட்டணக் கடிதம். ஒரு வார்த்தையில் உச்சரிப்பு தவறியது, திருத்தினார்.