இன்னும் ஒரு வெயில்

ஏற்காட்டில் காபி எஸ்டேட் ரைட்டர் என்றால் பெரும்பாலும் உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். ஆள் கணக்கு, பழ எடை, சம்பளப் பட்டியல். ஆனால் பழம் சிவந்து அறுவடை சூடுபிடித்துவிட்டால் ரைட்டர், டிரைவர் என்றெல்லாம் பார்க்க முடியாது. காபி காயவைக்கும் களத்துக்கு எல்லாரும் போயாக வேண்டும். யார் கேட்டாலும் ரைட்டர் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். என்னை வளைத்து நிமிர்த்தியது என்னவோ அந்தக் களம்தான்.

அரபிகா வகைக் காபிப் பழத்தைப் பறித்த அன்றே பல்பர் மெஷினில் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவிக் களத்தில் கொட்டுவோம். அப்புறம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மலை வெயில்தானே என்று உச்சிப்பொழுதில் அப்படியே விட்டால் கொட்டையை மூடியிருக்கும் பார்ச்மென்ட் தோல் வெடித்துவிடும். சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போடாவிட்டால் பனி இறங்கிவிடும். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை எட்டிப் பார்க்கும்.

ஈரப்பதம் 10, 11 சதவீதத்துக்கு வர வேண்டும். அளக்க மீட்டர் இருக்கிறது. களத்தில் இருக்கும் அக்கா ஒருவர் அதை ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஒரு கொட்டையை எடுத்து, நகத்தால் தோலை உரித்து, கடைவாயில் வைத்துக் கடிப்பார். பல் பதிந்தால், "இன்னும் ஒரு வெயில் வேணும் தம்பி." பல்லுக்கு மசியாமல் நின்றால்தான் மூட்டை கட்டத் தலையாட்டுவார். நானும் கடித்துக் கடித்துத்தான் பழகினேன்.

பழக்கம் களத்தோடு நிற்கவில்லை. சேலம் லீ பஜாரில் பருப்பு வாங்கப் போனாலும் கை தானாக மூட்டைக்குள் நுழைகிறது. கடைக்காரர் சொல்லும் தரம் காதில் ஏறுவதே இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கண் வானத்தைத் தேடும். முன்பெல்லாம் வெடுக்கென்று பேசுகிறவன் என்று வீட்டில் பெயர். இப்போது யாராவது ஒரு சேதியைச் சுடச்சுடக் கொண்டுவந்தால், சரி, காயட்டும் என்று விட்டுவிடுகிறேன். பொறுமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவசரப்பட்டால் சரக்கு பூஞ்சை பிடிக்கும், அவ்வளவுதான்.

உடல் உழைப்பே தியானம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த அக்காவுக்கு இடுப்பு முழுசாக நிமிராது. அதுவும் இதே களம் கொடுத்ததுதான். சம்பளப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இன்றும் கூலி என்றுதான் எழுதுகிறேன். அதை மாற்றும் அதிகாரம் ரைட்டருக்குக் கிடையாது. மீட்டர் ஏறுக்குமாறாகக் காட்டும் நாளில் மட்டும் மேனேஜரே ஆள் விட்டு அவரைக் கூப்பிடுவார்.