வரைபடம் என்பது மேடு பள்ளத்தின் படம் அல்ல

நிலை–நேர வரைபடத்தில் (எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டுவது) கோடு ஏறி இறங்கினால் “வண்டி மேட்டில் ஏறி, பிறகு இறங்குகிறது” என்று எழுதும் மாணவர் எந்த வகுப்பிலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். புள்ளி வைப்பதிலும் கோடு இழுப்பதிலும் அவர்களிடம் குறை இருக்காது. கோட்டை ஓவியமாகப் பார்ப்பதுதான் சிக்கல். பலகையில் எத்தனை முறை விளக்கினாலும் இது போகாது. நடக்க வைத்தால் போகும்.

தரையில் 10 மீட்டர் நேர்கோடு போட்டு, மீட்டருக்கு ஒரு குறி வையுங்கள். ஒவ்வொரு குறியிலும் கைப்பேசியோடு ஒரு மாணவர். நடப்பவர் சுழிக் குறிக்கு 2 மீட்டர் பின்னாலிருந்தே நடந்து வரட்டும். அப்போதுதான் சுழியைத் தாண்டும்போது நடை சீராகியிருக்கும். அவர் சுழியைத் தாண்டும் நொடியில் பத்துப் பேரும் ஒன்றாகக் கடிகாரத்தை ஓடவிட வேண்டும். தன்னைக் கடக்கும்போது அவரவர் நிறுத்த வேண்டும். முந்தைய குறியைத் தாண்டும்போது ஓடவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே எண் இருக்கும், வரைபடம் வராது.

அட்டவணையில் முதல் பத்தி நிலை, இரண்டாவது நேரம். முதல் பத்தி கிடை அச்சுக்குப் போக வேண்டும் என்று பழகியவர்கள் அச்சுகளை மாற்றிப் போடுவார்கள். அப்போது வேகமாக நடந்தவரின் கோடு படுத்துக்கிடக்கும், மெதுவாக நடந்தவருடையது நிமிர்ந்து நிற்கும். உடனே திருத்தாமல், “இதில் யார் வேகம்?” என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து இதைத் திருப்பிப் போடுங்கள்: வரைபடத்தைக் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். முதல் 4 விநாடியில் 0-இலிருந்து 4 மீட்டர். 6-ஆம் விநாடி வரை கிடைக்கோடு. 8-ஆம் விநாடியில் மீண்டும் 0. கிடைக்கோடு வந்ததும் பலர் அதே வேகத்தில் நடந்துகொண்டே இருப்பார்கள். வகுப்பே சிரித்துத் திருத்திவிடும். கடைசிப் பகுதியில் திசைவேகம் (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகம்) −2 மீ/வி. மொத்தத் தொலைவு 8 மீட்டர், இடப்பெயர்ச்சி (தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு தள்ளி என்பது) 0; சராசரி வேகம் 1 மீ/வி, சராசரித் திசைவேகம் 0. தொலைவு–நேர வரைபடம் ஒருபோதும் கீழிறங்காது என்பதையும் இங்கேயே காட்டிவிடலாம். (இலங்கைப் பயிற்சித்தாள்களைப் பயன்படுத்துவோர் கவனிக்க: அங்கே ‘வேகம்’ என்றால் திசைவேகம், நாம் வேகம் என்பது அங்கே ‘கதி’.)

சாய்வில் ஒரு பிழை வெகுநாள் ஒளிந்திருக்கும். உயர மாற்றத்தை நேர மாற்றத்தால் வகுக்காமல், ஒரு புள்ளியின் நிலையை அதன் நேரத்தால் வகுத்துவிடுவார்கள். கோடு ஆதிப்புள்ளி வழியே போனால் இரண்டு முறையிலும் விடை ஒன்றே, அதனால் பிழை தெரியவே தெரியாது. முதல் பயிற்சியிலேயே 3 மீட்டரில் தொடங்கி 4 விநாடியில் 11 மீட்டருக்குப் போகும் கோட்டைக் கொடுங்கள். சரியான விடை 2 மீ/வி. 2.75 என்று எழுதியவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

முடுக்கத்துக்கு (திசைவேகம் மாறும் வீதம்) 2 மீட்டர் அலுமினியப் பள்ளச் சட்டமும் ஓர் எஃகுக் குண்டும் போதும். ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்துங்கள். தொடக்கத்திலிருந்து 12.5, 50, 112.5, 200 செ.மீ. தொலைவுகளில் மெல்லிய நூலைக் குறுக்கே ஒட்டுங்கள். நூல் தடித்தால் குண்டு துள்ளி வேகம் இழக்கும். குண்டை விரலால் விட்டால் தெரியாமல் ஒரு தள்ளு விழும். முன்னால் அளவுகோலை வைத்துத் தடுத்து, அதை முன்பக்கமாகச் சட்டென்று எடுங்கள். நான்கு ‘டக்’ ஒலிகளும் சம இடைவெளியில் கேட்கும், இடைவெளி ஒரு விநாடியை ஒட்டி. இடைத்தூரங்கள் 1 : 3 : 5 : 7 என்ற விகிதம், கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கியது இந்த ஒற்றைப்படை வரிசையைத்தான். நிறுத்துக் கடிகாரத்தை இங்கே நம்ப வேண்டாம்: கை தாமதிக்கும் 0.2 விநாடி, ஒரு விநாடி இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. காது அதைவிட நன்றாகச் சொல்லும்.

இந்த இடைத்தூரங்களிலிருந்து திசைவேக–நேர வரைபடம் போடும்போது, சராசரி மதிப்பை ஒவ்வொரு இடைவெளியின் நடு நேரத்தில் குறிக்க வேண்டும். இறுதி நேரத்தில் குறித்தால் கோடு ஆதிப்புள்ளியை விட்டு விலகிவிடும். மாணவர்கள் குண்டின் மீது பழி போடுவார்கள்.

நிலை, திசைவேகம், முடுக்கம் என்ற மூன்று வரைபடங்களையும் அதே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில் வரையச் சொல்வது மிகப் பயனுள்ள பழக்கம். மேலே சாய்வு எவ்வளவோ அதுவே கீழே உயரம். கீழே உள்ள பரப்புதான் மேலே ஏற்படும் மாற்றம். நடைக் கணக்கின் திசைவேக வரைபடத்தில் அச்சுக்கு மேல் பரப்பு 4, கீழே −4. கூட்டினால் இடப்பெயர்ச்சி, குறியை விட்டுக் கூட்டினால் தொலைவு. இயக்கச் சமன்பாடுகளும் இதிலிருந்தே வரட்டும்: திசைவேகக் கோட்டின் சாய்விலிருந்து முதலாவது (v = u + at), அதன் கீழுள்ள சரிவகத்தின் பரப்பிலிருந்து இரண்டாவது (s = ut + ½at²). கோடு வளைந்தால் இரண்டும் செல்லாது என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

‘எதிர் முடுக்கம்’ என்ற சொல் செய்யும் குழப்பம் தனி. எதிர்க்குறி என்றாலே வேகம் குறைகிறது என்று பிடித்துக்கொள்வார்கள். திசைவேகம் −2-இலிருந்து −6 மீ/வி ஆகும் ஒரு கோட்டைக் கொடுங்கள்: முடுக்கம் எதிர்க்குறி, ஆனால் வேகம் கூடுகிறது. திசைவேகம், முடுக்கம் இரண்டின் குறியும் ஒன்றானால் வேகம் கூடும், மாறினால் குறையும். மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது முடுக்கம் என்ன என்று பிறகு கேளுங்கள். “சுழி” என்பவரை அந்தப் பந்தின் திசைவேக–நேரக் கோட்டை வரைய வைத்து, கோடு அச்சை வெட்டும் இடத்தில் அதன் சாய்வை அளக்கச் சொல்லுங்கள்.