சனி, ஞாயிறில் சுண்ணாம்பு வேலை படித்த பத்து மாதம்

மதுரையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. பூச்சு அங்கங்கே விட்டிருந்ததால், சுண்ணாம்புப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவையில் பூசிக் கொடுத்தோம். இரண்டு மழைக்காலம் போனதும் வீட்டுக்கார அம்மா கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் பூச்சு பாளம் பாளமாக விலகி நின்றது. பின்னால் விரலை விட்டால் செங்கல் மாவாக வந்தது. அவருடைய மாமனார் காலத்துச் செங்கல். செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் என் கையெழுத்து.

பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி அதை உள்ளிருந்து உடைக்கும். டிப்ளமோவில் மூன்று வருடம் படித்தும் எனக்கு இது தெரியாமல் போனதுதான் பெரிய வருத்தம்.

சரி, படிக்கலாம் என்று தேடினேன். மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது, ஆனால் முழுநேரம். தில்லியில் பழைய கட்டடப் பாதுகாப்பில் முதுகலை சேர ஆர்க்கிடெக்சர் பட்டம் வேண்டும். வேலையை விட முடியாத வீட்டு நிலைமை. கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் பத்து மாத வகுப்பு கிடைத்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, விடியற்காலை பஸ் பிடித்தேன்.

முதல் இரண்டு மாதம் அளவெடுப்புதான். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு என்று தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை போகும் வீடு. வளவில் மூலைக்கு மூலை குறுக்காகப் பிடித்தால், சமமாக வர வேண்டிய இரண்டு அளவுக்கும் நாலு அங்குலம் வித்தியாசம். நாங்கள் தப்பாகப் பிடித்தோம் என்று நினைத்து மூன்று தரம் நாடாவைப் பிடித்தோம். வீடே அப்படித்தான். இருப்பதை இருக்கிறபடி வரைய வேண்டும், நேராக்கி வரையக் கூடாது என்பதைப் பழகவே நாளாயிற்று.

அப்புறம் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்தது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகுதான் சுண்ணாம்பு. போட்ட கொஞ்ச நேரத்தில் உலை மாதிரி கொதிக்கும். முகத்தில் சூடு அடிக்கும், தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி போடாமல் யாரும் கிட்டப் போகாதீர்கள். அடங்கியதும் வலையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்க மூடி வைக்க வேண்டும். தண்ணீரில் கொதித்து மாவாகாத, அதாவது நீறாத துணுக்கு ஒன்று தப்பி வந்தாலும், பூச்சுக்குள் போன பிறகு நீறி, பொரி மாதிரி வெடித்து வெளியே தள்ளும்.

பதம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு சித்தாள் அக்கா. சின்ன வயதிலிருந்தே சாந்து அரைத்த கை. கரண்டியில் ஒரு உருண்டை எடுத்து அப்படியே கவிழ்த்தார். விழவில்லை. “வெண்ணெய் மாதிரி நிக்கணும். விழுந்துச்சுன்னா இன்னும் கெடக்கட்டும்னு அர்த்தம்” என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீரை எப்போது சேர்ப்பது என்பதையும் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். எந்தக் கூலிப் பட்டியலிலும் இந்த அறிவுக்கு ஒரு வரி கிடையாது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

என் முதல் பூச்சு வெடித்தது. ஞாயிறு மாலை மட்டப்பலகை பிடித்து, பூச்சைச் சமமாக்கும் மணியாசுக் கட்டையால் தேய்த்து, திருப்தியாக ஊருக்குப் போனேன். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால் சுவர் முழுக்க மெல்லிய கோடுகள். சித்திரை வெயில், அனல் காற்று, ஆறு நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. மேஸ்திரி திட்டவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “தாயி, சிமெண்ட்டு தண்ணியக் குடிச்சு இறுகும். இது காத்தத் தின்னு கல்லாகறது. காஞ்சு போச்சுன்னா எப்பிடித் திங்கும்?” என்றார். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி, சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறும். அதற்கு ஈரம் வேண்டும். புத்தகத்தில் சமன்பாடாகப் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி பூசினேன்.

இந்தத் தடவை ஈரச் சாக்கு தொங்கவிட்டோம். அக்கா அதே தெருவில் இருந்ததால், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கச் சம்மதித்தார். அதற்கான கூலியை வகுப்பில் படித்த நாங்கள் ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம். “நனைச்சாச்சு பாப்பா” என்று தினமும் போனில் குரல் பதிவு வரும். பகுதிநேரமாகப் படிப்பது அரைகுறை என்று அதுவரை நினைத்திருந்தேன். அடுத்த சனிக்கிழமை அந்தச் சுவர் இரண்டாவது பூச்சுக்குச் சரியாகத் தயாராக இருந்ததைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. சுண்ணாம்புக்கு எப்படியும் அந்த இடைவெளி வேண்டும். நடுவில் நனைக்க ஆள் இருந்தால் போதும்.

கடைசி மாதம் செட்டிநாட்டுப் பூச்சு. அம்மியில் மை மாதிரி அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெல்லிசாக இழுத்து, ஈரம் போவதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடிச் சதுரத்தை நாலு பேர் மாற்றி மாற்றிப் பொழுது சாயும் வரை தேய்த்தோம். முதலில் கல் இழுபடும், உள்ளங்கை எரியும். ஒரு கட்டத்தில் சத்தம் மாறும். கரகரப்பு போய், கல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது சுவரில் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. பிறகு என் கை நிழல் தெரிந்தது.

சேர நினைக்கிறவர்கள் முதலில் நிறுவனத்தில் சனிக்கிழமையைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது.

போன தை மாதம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். தயங்கினார், அப்புறம் ஒரு சுவரை மட்டும் என்னிடம் விட்டார். சிமெண்ட்டை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, உளுத்த செங்கலை மாற்றிவிட்டு, சுவரைக் காய விட்டிருக்கிறோம். கொல்லையில் சின்னத் தொட்டி. நீற்றிய தேதியைப் பக்கத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு உருண்டை எடுத்துக் கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். விழுந்துவிட்டது. மூடி வைத்துவிட்டு வந்தேன்.