கழுகு பொறித்த சட்டத்துக்குள் பெயரில்லாத சிப்பாய்

பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் எனக்கு வேலை. பழைய போட்டோக்களை ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, அட்டவணையில் ஏற்ற வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) நடந்த காலத்துச் சிப்பாய் படங்கள்தான் எங்களிடம் அதிகம் வரும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு பெட்டி. கொக்கியைத் தள்ளித் திறந்தால் ஒரு பக்கம் வெல்வெட் மெத்தை, மறுபக்கம் பித்தளைச் சட்டம், அதற்குள் பத்தொன்பது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். பித்தளையில் கழுகு, கொடி, பீரங்கி, நட்சத்திரம் என்று எதையும் விட்டுவைக்காமல் பொறித்திருப்பார்கள். பையனின் கன்னத்தில் ரோஸ் வண்ணம், பொத்தானிலும் பெல்ட் பக்கிளிலும் தங்கப் பூச்சு.

முதல் வேலை, படம் எதன் மேல் இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டுபோனால் போதும். இழுத்தால் இரும்புத் தகடு, அதாவது டின்டைப். இழுக்காவிட்டால் பெரும்பாலும் கண்ணாடி, அதாவது ஆம்ப்ரோடைப். கண்ணாடி முறைக்கு 1854இலும் இரும்புத் தகட்டு முறைக்கு 1856இலும் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். இரண்டிலுமே நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் போன தகடேதான் கடைசியில் வீட்டுக்கு வந்த படம். இன்னொரு பிரதி வேண்டுமென்றால் மறுபடி உட்கார வேண்டும், அல்லது அந்தப் படத்தையே படம் எடுக்க வேண்டும். ஆகவே என் மேஜைக்கு வருவது ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது ஞாபகத்துக்கு வந்தால் கை தானாகவே மெதுவாகிவிடும்.

நெகட்டிவ் இல்லாததால் இன்னொரு வினோதமும் உண்டு. படம் இடவலம் மாறித்தான் விழும். இடது இடுப்பில் தொங்க வேண்டிய வாள் வலது பக்கம் இருக்கும். பக்கிளில் உள்ள 'யூஎஸ்' என்ற எழுத்துகள் திரும்பி நிற்கும். விவரம் தெரிந்த சில சிப்பாய்கள் துப்பாக்கியையும் பெல்ட்டையும் வேண்டுமென்றே மாற்றிப் பிடித்துப் படத்தில் சரியாக வரும்படி செய்திருக்கிறார்கள். பிஸ்டல், கத்தி, துப்பாக்கி மூன்றையும் சுமந்துகொண்டு முறைத்துப் பார்க்கும் பையனைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். அதில் எது அவனுடையது, எது ஸ்டூடியோக்காரர் கொடுத்தது என்று சொல்வது கஷ்டம். பின்னால் கூடாரம், கொடி வரைந்த திரை. செயின்ட் லூயிஸ் அருகே பென்டன் பாரக்ஸ் முகாமில் இப்படி ஒரே திரைக்கு முன்னால் பலர் நின்றிருக்கிறார்கள். பூட்ஸுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தால் சில படங்களில் ஓர் இரும்புத் தாங்கியின் கால் தெரியும். சில விநாடிகள் தலை ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தது.

ஆக, தேசபக்தி என்று நாம் அந்தப் படத்தில் பார்ப்பதில் பெரும்பங்கு கடைச் சரக்கு. கழுகு போட்ட சட்டம் ஒரு விலை, சாதாரணச் சட்டம் ஒரு விலை. அதனால் அந்த உணர்வு பொய் என்று சொல்ல வரவில்லை. காசு கொடுத்துக் கழுகைத் தேர்ந்தெடுத்தவனுக்கும், அதைக் கையில் வாங்கிக்கொண்ட அம்மாவுக்கும் அது நிஜம்தான். ஆனால் அந்தப் பையனைப் பற்றிச் சட்டத்திலிருந்து எனக்கு ஒன்றும் தெரிய வராது. அவன் எந்த நாட்டுக்காகப் போனான் என்பது பளிச்சென்று இருக்கும். யார் வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் இருக்காது.

பெயர் எழுதாமல் போனதற்குக் காரணம் எளிது. நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தில் தோற்றம், மறைவு என்று தேதியோடு எழுதியிருக்கிறது என்றால், அது அவர் போன பிறகு சட்டம் போட்டது. இவையோ உயிரோடு இருக்கும்போது, ரயிலேறுவதற்கு முன் அவசரமாக எடுத்தவை. மகன் முகம் அம்மாவுக்குத் தெரியாதா? பெயர் எதற்கு? இரண்டு மூன்று தலைமுறை கழித்துப் பெட்டி மட்டும் மிஞ்சுகிறது. நாங்கள் அட்டவணையில் 'அடையாளம் தெரியாத வீரர்' என்று எழுதுகிறோம். அந்தப் போரில் சிப்பாய்களுக்கு அரசு அடையாள வில்லை எதுவும் கொடுக்கவில்லை. அமெரிக்க ராணுவத்தில் அது வந்ததே 1906இல்தான். போர் முடிந்து தேசியக் கல்லறைகளில் மறுபடி புதைக்கப்பட்ட வடக்குத் தரப்புச் சிப்பாய்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் பெயர் தெரியாதவர்கள்.

எங்கள் மாநிலத்திலேயே நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர். ஊருக்குள் ஒரு சிப்பாய் இறந்து கிடந்தார். கையில் மூன்று குழந்தைகளின் ஆம்ப்ரோடைப் படம், வேறு எந்த அடையாளமும் இல்லை. அன்றைய செய்தித்தாளில் போட்டோ அச்சிட வழியில்லை. அதனால் படத்தை வார்த்தையில் விவரித்து எழுதினார்கள்: மூன்று பிள்ளைகள், பெரிய பையனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணி. ஃபிலடெல்ஃபியா பத்திரிகையில் அக்டோபரில் வந்தது, மற்ற பத்திரிகைகளும் எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற ஊரில் ஃபிலிண்டா ஹ்யூமிஸ்டன் என்ற பெண் அதைக் கேள்விப்பட்டு, தன் கணவர் ஏமஸ் ஹ்யூமிஸ்டன்தான் அது என்று தெரிந்துகொண்டார். கொடியும் கழுகும் அங்கே உதவவில்லை. வீட்டில் மிச்சப்பட்ட துணியில் தைத்த ஒரு சட்டை உதவியது.

அதனால் நான் முகத்தை விட முதுகைத்தான் அதிகம் பார்ப்பேன். தகட்டை வெளியே எடுத்தால் பின்னால் ஆணியால் கீறிய ஒரு பெயர் இருக்கலாம். படம் ஆடாமலிருக்க மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு இருக்கலாம். சில நேரம் ஒரு ஸ்டாம்ப். போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் 1866 ஜூலை முடிய போட்டோவுக்கும் வரி போட்டார்கள். விலை 25 சென்ட் வரை என்றால் 2 சென்ட், 50 வரை 3, ஒரு டாலர் வரை 5. ஸ்டாம்பை ஒட்டி, அதன் மேல் ஸ்டூடியோக்காரர் தன் முதலெழுத்தையும் தேதியையும் பேனாவால் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் பெயரை யாரும் எழுதச் சொல்லவில்லை! ஆனாலும் ஒரு தேதி கிடைத்தால் பாதி வழி வந்த மாதிரி.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு லில்யன்குவிஸ்ட் குடும்பம் 2010இல் கொடுத்த தொகுப்பில் ஒரு படம் உண்டு. சீருடையில் ஒரு கறுப்பினச் சிப்பாய், பக்கத்தில் மனைவி, ஒரே மாதிரி கோட்டும் தொப்பியும் போட்ட இரண்டு மகள்கள். மேரிலாந்து மாநிலத்தின் செசில் கவுண்டியில் கிடைத்தது. கறுப்பினத்தவர் படைப்பிரிவுகளுக்கான தனி அலுவலகம் 1863 மே மாதம்தான் உருவானது. மேரிலாந்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1864 நவம்பரில். இவ்வளவும் சொல்ல முடிந்தது, ஆனால் அந்த நான்கு பேரின் பெயரை நீண்ட காலம் யாராலும் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் தனியாகக் கத்தியோடு நிற்கும்போது இவர் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இந்த வகைப் படங்களிலேயே மிகவும் பிடித்தது இதுதான்.

இப்போதெல்லாம் சட்டத்தையும் முழுதாக நம்ப முடிவதில்லை. கழுகு, கொடி உள்ள சட்டத்துக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பதால், வேறொரு படத்திலிருந்து கழற்றி மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். இதற்கும் ஒரு சோதனை உண்டு. பித்தளையின் விளிம்பு பட்ட இடத்தில் காலப்போக்கில் தகட்டில் ஒரு கறை வளையம் விழும். சட்டத்தின் திறப்பும் அந்த வளையமும் பொருந்த வேண்டும். சமீபத்தில் ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் கறை நீள்வட்டமாக இருந்தது, சட்டத்தின் திறப்போ மேலே வளைந்த வாசல் வடிவம். மாற்றியது என்று சொன்னேன். "அதனால் என்ன, கழுகு நன்றாகத்தானே இருக்கிறது" என்றார். சரிதான், கழுகு நன்றாகத்தான் இருந்தது. தகட்டைத் திருப்பினேன், பின்னால் ஒன்றுமில்லை. 'சட்டம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது, வீரர் அடையாளம் தெரியாதவர்' என்று எழுதி, கறை வளையத்தையும் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து வைத்தேன். அவனுடைய பழைய சட்டம் வேறெங்காவது கிடைத்தால் பொருத்திப் பார்க்கலாம்.