சைலன்சரில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்

நெடுஞ்சாலையில் கிடக்கும் கேரி பேக்கோ சிமெண்ட் சாக்கோ காருக்கு அடியில் புகுந்தால், சைலன்சர் குழாயில் உருகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த சில நாட்களுக்கு வண்டி நின்றாலே கருகல் நாற்றம் வரும். பெரும்பாலும் தானாகவே தீய்ந்து போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். மெல்லிய படலமாக இருந்தால் அது சரிதான். கட்டியாக இருந்தால் உருகிச் சொட்டும், தீப்பிடிக்கவும் கூடும். எடுத்துவிடுவதுதான் நல்லது.

கேரி பேக் பாலிஎத்திலீன். ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 110 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும். சிமெண்ட், உரச் சாக்குகள் பாலிபுரொப்பிலீன்; அவற்றுக்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் எல்லாம் இந்த இரண்டையும் கரைக்காது. அவற்றைச் சூடான குழாயில் ஊற்றினால் தீதான் பிடிக்கும். ஐஸ் வைத்து உடைக்கும் யோசனையும் கேரி பேக்கிடம் பலிக்காது; அந்தக் குளிருக்கு அது நொறுங்காது.

பிளாஸ்டிக் மெழுகுபோல இளகி, ஆனால் ஒழுகாமல் இருக்கும் பதம்தான் வேண்டும். சமதளத்தில், திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி, அடியில் யாரும் இல்லாதபோது இன்ஜினை 3 அல்லது 4 நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். தடித்த தோல் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் பதம் சரி. புகைந்தால் சூடு அதிகம், காத்திருங்கள்.

பிறகு மரத் துண்டாலோ பித்தளைத் தகட்டாலோ ஓரத்திலிருந்து நெம்பித் தள்ளுங்கள். நடுவில் குத்தினால் இழுபட்டுப் பரவும். தகட்டில் ஒட்டுவதைத் துணியில் உடனுக்குடன் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்ததே திரும்ப ஒட்டும். குழாயின் பின்முனை இன்ஜின் ஓட்டத்தில் அவ்வளவு சூடேறாது. அங்கே சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில், கை அகலத் தூரத்தில் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். குழாயைத் தாங்கும் ரப்பர்கள், ஆக்சிஜன் சென்சார் ஒயர் பக்கம் காற்று போகக் கூடாது. அடுப்பு பர்னரைக் கொண்டுவருவது வேண்டவே வேண்டாம்; பக்கத்தில்தான் பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாய்களும் இருக்கின்றன.

மிஞ்சும் கறையை, முழுதும் ஆறியபின் பித்தளை பிரஷ்ஷால் தேய்க்கலாம். ஸ்டெயின்லெஸ் குழாயில் இரும்பு பிரஷ் போட்டால் இரும்புத் துகள் பதிந்து துரு பிடிக்கும். குரோம் முனைக்கு மிக நைசான ஸ்டீல் உல் போதும். பிரேக் கிளீனர் அடிப்பவர்கள் டப்பாவைப் படியுங்கள். குளோரின் கலந்த வகை சூட்டில் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு வரும். ரெயின்கோட் போன்ற பிவிசி ஒட்டியிருந்தாலும் புகையை முகராதீர்கள், அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு.

அவசரத்தில் சூடான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்மேல் (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி) தண்ணீர் அடிக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடலாம். ஒட்டியது சாக்கு என்றால், அடியில் இருக்கும்போதே சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டையும் பாருங்கள். அதன் நார் அங்கே சுற்றிக்கொண்டு அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) அறுத்திருந்தால், கிரீஸ் சிதறியிருக்கும்.