சிங்கப்பூரில் ஒரு மூன்றாம் நிலை நூலகர்

32 வருஷம் ஒரே சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தவன் நான். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஒரு கிளை நூலகம். அரசாங்கக் காகிதத்தில் என் பெயருக்குக் கீழே ‘மூன்றாம் நிலை நூலகர்’ என்று இருக்கும். திறப்பவன், பெருக்குபவன், பேப்பர்காரரோடு கணக்கு முடிப்பவன், புத்தகம் கொடுப்பவன், பூட்டுபவன் எல்லாம் நான் ஒருவனே என்பது அதன் பொருள். போன வருஷம் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இப்போதும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை தானாகப் பையைத் தடவிப் பார்க்கிறது.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் அனுப்பினான். செந்தோசா, பறவைப் பூங்கா என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தான். அங்கேயெல்லாம் போனேன், நன்றாகத்தான் இருந்தது. அவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மீதி நாட்களில் நான் புறநகர் நூலகங்களைத்தான் சுற்றினேன்.

மகன் வீடு தீவின் கிழக்கே, தெம்பனிஸில். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ‘Our Tampines Hub’ என்ற கட்டடத்தொகுதி. தமிழில் ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் கால்பந்து மைதானம், சுற்றிலும் நீச்சல் குளம், உணவங்காடி, சமூக மன்றம். அதே கட்டடத்தில் ஐந்து தளங்களில் வட்டார நூலகம். சிங்கப்பூரின் முதல் வட்டார நூலகம் இதுதான். 1994இல் இதே ஊரில் வேறிடத்தில் தொடங்கி, 2017இல் இங்கே குடிவந்தது.

முதல் நாள் பத்து மணிக்குக் கால்மணி முன்பே போய்விட்டேன். வாசலில் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பேப்பர் படிக்க வந்த கிழவர்கள், முதுகுப்பை மாட்டிய பிள்ளைகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு அம்மா. எனக்குப் பழக்கமான கூட்டம்தான், ஒருவர்கூட “என்ன சார், இவ்ளோ லேட்டு?” என்று கேட்கவில்லை, அது மட்டும் குறை. பத்தானதும் கண்ணாடிக் கதவு விலகியது. யார் திறந்தார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். சாவியோடு ஒருவரும் கண்ணில் படவில்லை.

உள்ளே என் பேரன் ஏழு புத்தகங்களைப் பொறுக்கி எடுத்தான். ஒரு மேடையில் அடுக்கி வைத்தான். திரையில் ஏழு தலைப்பும் வரிசையாக வந்தன. அட்டையைக் காட்டினான், முடிந்தது. எட்டு வயதுப் பையன். நான் அதே வேலைக்கு ஒவ்வொரு புத்தகமாக வாங்கி, பதிவேட்டில் எண் எழுதி, கையெழுத்து வாங்கி, தேதிச் சீட்டில் முத்திரை குத்தி, மை காயட்டும் என்று இரண்டு ஊது ஊதிக் கொடுப்பேன்.

எங்கள் தொழிலில் ‘ரகசியப் பக்கம்’ என்று ஒன்று உண்டு. முதல் பக்கத்தை யாராவது கிழித்துவிட்டாலும் புத்தகம் நம்முடையது என்று நிரூபிக்க, உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் முத்திரையும் வரிசை எண்ணும் போட்டு வைப்போம். பேரனின் புத்தகத்தை வாங்கி அப்படி ஏதாவது இருக்கிறதா என்று புரட்டினேன். இல்லை. ஒட்டியிருந்த ஒரு வில்லைக்குள்தான் சிப் என்றார்கள். நூலகப் புத்தகத்தில் சிப் வைத்துப் பார்த்த முன்னோடிகளில் இவர்களும் உண்டு. 1998இல் மேற்கே புக்கிட் பாத்தோக்கில், ஒரு கடைத்தொகுதிக்குள் இருந்த நூலகத்தில் ஆரம்பித்தார்கள்.

இயந்திரம் எனக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. பணம் இருந்தால் வாங்கலாம். என்னை அசைத்தது வேறு. மருமகளிடம் மெல்லக் கேட்டேன்: “யாராவது தூக்கிட்டு ஓடிட்டா?”

அவள் சிரித்தாள். “ஓடி என்ன மாமா பண்ணப் போறாங்க? சும்மாவேதானே குடுக்கறாங்க!”

அன்று இரவு அந்த ஒரு வரி தூங்கவிடவில்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் இருப்புச் சரிபார்ப்பு வந்தது. 41 புத்தகங்கள் குறைந்தன. விலை என் தலையில்தான் விழுந்தது, தவணையில் கட்டினேன். அதற்கப்புறம் நல்ல புத்தகம் எது வந்தாலும் கண்ணாடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். அகராதிகள், கெட்டி அட்டை நாவல்கள், வண்ணப் படம் போட்ட சிறுவர் புத்தகங்கள் எல்லாம் உள்ளே. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பார்கள். “தொடாதே, கறை படியும்” என்பேன். அடுத்தடுத்த சரிபார்ப்புகளில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. மேலதிகாரி பாராட்டினார்.

இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படும், சீர்காழியில் பிறந்த ரங்கநாதனின் ஐந்து விதிகளை மனப்பாடம் செய்துதான் நாங்களெல்லாம் சான்றிதழ் வாங்குகிறோம். 1931இல் புத்தகமாக வந்த அவற்றில் முதல் விதியே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’. பூட்டிவைக்க அல்ல என்று அவர் வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா? அந்த விதியை விளக்க வந்தவர் முதலில் எடுத்துக்கொள்வது நூலகம் எங்கே இருக்க வேண்டும் என்பதை. கடைக்காரன் ஜனம் நடமாடும் இடமாகப் பார்த்துக் கடை போடுகிறானே, நூலகத்துக்கும் அதே யோசனை வேண்டாமா என்கிறார். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது அவருக்கு ஆசானாக வாய்த்த சேயர்ஸ், குரோய்டன் என்ற புறநகர் நூலகத்தின் தலைமை நூலகர். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தன் பகுப்பு முறைக்கான பொறியே ஒரு பெரிய கடையில், துண்டு துண்டாகப் பூட்டிச் சேர்க்கும் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது தட்டியதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கும் நூலகத்துக்கும் அவர் கணக்கில் தூரம் அதிகமில்லை.

தெம்பனிஸில் அந்தக் கணக்கை யாரோ நேராகப் போட்டிருக்கிறார்கள். மீன் குழம்புக்குச் சாமான் வாங்க வந்தவர் இரண்டு மாடி ஏறினால் நூலகம். சமையல் செய்து காட்ட ஒரு கூடம்கூட உள்ளேயே இருக்கிறது. எங்கள் ஊரிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னையில்தான் வந்தது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி இன்றும் கட்டுகிறோம். என் நூலகம் இருந்ததென்னவோ ரேஷன் கடை தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். புதிதாக வருபவர்களுக்கு வழி சொல்லும்போது “தொட்டி சொட்டும், குடை இருந்தா நல்லது” என்று சேர்த்துச் சொல்வேன்.

பொங்கோல் நூலகத்தை ஒரு மதியம் அவசரமாகப் பார்த்தேன். 2023இல் திறந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் தாங்களே புத்தகம் எடுக்க ஏற்பாடு, சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகள் ஒதுங்கி உட்கார சின்னக் கூடுகள். என் நூலக வாசலில் மூன்று படிகள். போலியோவில் கால் போன வாசகர் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வந்து மணி அடிப்பார். நான் ஐந்தாறு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போவேன், அவர் வண்டியிலிருந்தபடியே தேர்ந்தெடுப்பார். பத்து வருஷம் இப்படி நடந்தது. ஒரு சாய்தளம் கட்டித்தரச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

தமிழ்ப் புத்தகம் வேண்டுமானால் அங் மோ கியோவுக்குப் போங்கள் என்று உணவங்காடியில் ஒருவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அலமாரி அலமாரியாகத் தமிழ். புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. என் வீட்டுக் கதவு எண்ணை மறந்தாலும் மறப்பேன், இதை மறக்க மாட்டேன். முதுகுப்புறத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. தியாகராய நகரிலும் ராயப்பேட்டையிலும் அச்சான புத்தகங்கள். சில பதிப்புகள் அப்படியே என் பீரோவில் இருந்தவை. இங்கே திறந்த அலமாரியில் நின்றன.

சிறுவர் தமிழ்ப் பகுதியைப் பார்த்து மட்டும் மனசு கொஞ்சம் கலங்கியது. புத்தகங்கள் பளபளவென்று இருந்தன. ஆங்கிலச் சிறுவர் புத்தகங்களோ மூலை மடிந்து, பக்கம் தளர்ந்து, யாரோ கடித்த தடத்தோடு. அழுக்குப் படாத புத்தகத்தைப் பார்த்தால் நூலகனுக்கு வயிற்றைக் கலக்கும். தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, பெயர்ப்பலகையில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது. ஆனால் என் பேரனிடம் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினால், “தாத்தா, இது ஹார்டு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க” என்கிறான். படித்துச் சொன்னேன், கேட்டான். அதற்கு மேல் இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்.

நாவல் அலமாரி கலைந்து கிடந்தது. கை சும்மா இருக்கவில்லை. தலைகீழாக இருந்தவற்றைத் திருப்பி, இடம் மாறியவற்றை எடுத்து வரிசையில் சொருகிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வந்து, “அங்கிள், சமையல் புக்கெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போன பிறகுதான், நான் இங்கே வேலை பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்லாதது நினைவுக்கு வந்தது.

நாளிதழ்ப் பகுதியில் ‘தமிழ் முரசு’ இருந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது. ஒரு இளைஞர் அதைப் படித்து முடித்து மடித்து என்னிடம் நீட்டினார். எங்கள் நூலகத்தில் தினத்தந்தி ஒன்றை ஐந்து பேர் பிரித்துக்கொள்வார்கள். நடுத்தாள் ஒருவரிடம், விளையாட்டு ஒருவரிடம், மறுபடி சேர்க்கும்போது பக்க எண் எங்கேயோ இருக்கும். இங்கே முழுதாகக் கிடைத்ததே விசேஷம்தான். தம்பி கட்டுமான வேலையில் இருக்கிறார். ஞாயிறு மட்டும் ஓய்வு.

“புத்தகம் எடுப்பீங்களா தம்பி?”

“இல்லீங்கய்யா, இங்கயே உக்காந்து படிச்சிட்டுப் போயிருவேன். ஏசி இருக்கு. யாரும் எழுப்ப மாட்டாங்க.”

எந்த ஊர் என்றேன். மன்னார்குடி பக்கம் என்றார். மேலவாசல் தெரியுமா என்றேன். “நம்ம ஊருக்குப் பக்கத்துலதாங்க!” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். 1931இல் அந்த மேலவாசலிலிருந்துதான் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார் என்று சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. “மாட்டுவண்டியிலயா?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, போனை எடுத்து ஊரில் யாருக்கோ அதைக் குரல்செய்தியாக அனுப்பினார்.

படிப்பு மேசைகளில் முழுக்க மாணவர்கள். பையை வைத்து இடம் பிடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். நூலகப் புத்தகம் ஒன்றையும் தொடுவதில்லை. என் நூலகத்திலும் கடைசிப் பத்து வருஷம் இதே கதை. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் சொந்த கைடோடு வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பார்கள். நானும் முதலில் முகம் சுளித்தேன். அவர்களில் ஒருத்தி குரூப் 4 தேறி, சாக்லேட் டப்பாவோடு வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகு விட்டுவிட்டேன்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் மாலை, பச்சைத் தட ரயிலில் குவீன்ஸ்டவுன் போனேன். நாட்டின் முதல் முழுநேரக் கிளை நூலகம். 1970 ஏப்ரல் 30 அன்று பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தது. இரண்டே மாடி. முகப்பில் கல்யாண மாப்பிள்ளை கழுத்தில் கட்டும் ‘போ’ மாதிரி வடிவங்கள். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்ட பிறகும் இதை இடிக்காமல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக வைத்திருக்கிறார்கள். பெரிய மால் நூலகங்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது. அளவு சரியாக இருந்தது. ஒரு ஆள் ஒரு பார்வையில் முழுசையும் பார்த்துவிடலாம்.

ஒன்பது மணிக்கு மூடுவார்கள். நான் எழுந்திருக்கவில்லை. யார் மூடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனப் பெண்மணி ஒருவர் தள்ளுவண்டியோடு மேசை மேசையாக வந்தார். விட்டுப்போன புத்தகங்களை எடுத்து வண்டியில் வைத்தார், நாற்காலிகளை உள்ளே தள்ளினார். என் பக்கத்து மேசையில் ஒரு பென்சில் பெட்டி கிடந்தது. அதை எடுத்துத் திறந்து பார்த்து, மூடி, வண்டியின் கீழ்த்தட்டில் பத்திரப்படுத்தினார். “அங்கிள், க்ளோசிங் லா” என்று சிரித்தார். நான் எழுந்து என் நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

வெளியே வந்து எதிர்ப்புறம் நின்றேன். விளக்குகள் பகுதி பகுதியாக அணைந்தன. சற்று நேரம் கழித்து அவர் தோள்பையோடு வெளியே வந்தார். கதவு மூடியது. நாலடி நடந்தவர் திரும்பி வந்து, கைப்பிடியைப் பிடித்து இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.