கலாநிதிப் பட்டமும் கதிரையும்

யாழ்ப்பாணத்தில ஒரு சிற்றூழியர் வேலைக்கு விண்ணப்பிக்கிற பொடியன் சாதாரண தரச் சான்றிதழைப் பிரதி எடுத்து, சமாதான நீதவானிட்டக் கையெழுத்து வாங்கி, கிராம சேவகரிட்ட நற்சான்றும் எடுத்துக்கொண்டு போகவேணும். நேர்முகத்தில "ஒரிஜினல் எங்க?" எண்டுதான் முதல் கேள்வி.

நாடாளுமன்ற சபாநாயகரிட்ட மட்டும் பதவி குடுக்கமுதல் ஏன் ஒருத்தரும் கேக்கேல்ல?

2024 நவம்பர் 21இல் அசோக ரன்வல சபாநாயகரானார். ஜப்பானின்ர வசேதா பல்கலைக்கழகத்தோட தொடர்பான நிறுவனத்தில கலாநிதிப் பட்டம் எடுத்ததாச் சொன்னார். ஆதாரம் கேட்டவுடன, ஆவணங்களை உடனடியாச் சமர்ப்பிக்கிறது கஷ்டம் எண்டு சொல்லி டிசம்பர் 13இல் விலகினார். நாலு நாளில புதுச் சபாநாயகரும் வந்திட்டார்.

விலகினதைப் பாராட்டத்தான் வேணும். எங்கட நாட்டில கதிரையை விடுறது லேசில்ல. ஆனா விலகினது சபாநாயகர் பதவியில இருந்து மட்டும்தான், எம்.பி. பதவி அப்பிடியே இருந்தது. எம்.பி.யாக வரப் பட்டம் எதுவும் தேவையில்லை, அரசியலமைப்பில அப்பிடி ஒரு நிபந்தனையும் இல்லை. தேவையே இல்லாத பட்டத்துக்காக ஏன் இந்த அந்தரம்?

ஜெர்மனியில 2013இல் கல்வி அமைச்சர் ஆனெத்த ஷவான் விலகினது, பல்கலைக்கழகம் விசாரிச்சுப் பட்டத்தைப் பறிச்ச பிறகு. அங்க முடிவு சொன்னது பல்கலைக்கழகம். இங்க விலகின உடன கதை முடிஞ்சமாதிரி எல்லாரும் அடுத்த செய்திக்குப் போயிட்டம்.

(கலியாண அழைப்பிதழிலயும் மரண அறிவித்தலிலயும் பட்டம் தேடுற சனம் நாங்கள். எங்கட பக்கத்து வேட்பாளர்மாரின்ர துண்டுப்பிரசுரங்களையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.)

வேட்புமனுவோட சொத்து விபரம் கேக்கினம்தானே. போட்டுக்கொள்ளுற பட்டத்துக்கும் ஒரு பிரதியை இணைக்கச் சொன்னால் என்ன?